கடைப்பூ வைக்காத வருஷங்கள்

எனக்குச் செடி கொடி வளர்ப்பதில் எந்த ஆசையும் இருந்ததில்லை. பூவைப் பார்த்து உருகிப்போகிற ஆளும் நான் இல்லை. கொச்சி மட்டாஞ்சேரியில் நான் ஒரு பிச்சிக்கொடி வளர்த்தேன் என்றால் அதற்குக் காரணம் என் வாய். அந்தக் கொடி என் வீட்டு முற்றத்து மண்ணிலிருந்து முளைத்ததைவிட என் வாயிலிருந்து முளைத்தது என்று சொன்னால்தான் சரியாக இருக்கும்.

ஐம்பதுகளின் கடைசி. கல்யாணமாகிப் பாலக்காட்டிலிருந்து வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. சுக்கு, மிளகுக் கிடங்குகளுக்குப் பின்னால் ஒரு குறுகலான சந்து. அதில் தோளோடு தோள் ஒட்டிய ஓட்டு வீடுகள். எங்கள் வீட்டில் முன்னால் ஓர் அறை, அதன் பின்னால் கிணற்றோடு கையகல முற்றம், முற்றத்தைத் தாண்டினால் சமையலறை. வீடு அவ்வளவுதான். என் வீட்டுக்காரர் சுக்குக் கிடங்கில் கணக்கெழுதினார். சாயங்காலம் வந்து சட்டையை உதறினால் எனக்குத் தும்மல் வரும். தும்மல் வந்தால் கோபம் வரும். எனக்குக் கோபம் வருவதற்குப் பெரிய காரணம் எதுவும் எப்போதும் தேவைப்பட்டதில்லை.

சந்துக்குத் தினமும் பொழுது சாயும் நேரத்தில் ஒரு பூக்காரி வருவாள். திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. என்னைவிட மூத்தவள், என்னைவிடக் குள்ளம், வாயில் எனக்குச் சமம். பூவை முழம் போட்டுக் கொடுப்பாள். முழங்கையிலிருந்து விரல் நுனி வரை ஒரு முழம். யாருடைய கை என்றால் விற்பவளுடைய கை. பூ வாங்குகிற அத்தனை பெண்களும் இதை ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் ஒருத்திதான் ஒத்துக்கொள்ளவில்லை.

"இது முழமா? குழந்தை கையாட்டம் இருக்கு உன் கை. என் கையால அளந்து குடு" என்றேன் ஒருநாள்.

"உங்க கை பனைமரம் கணக்கா இருக்கு மாமி. அதுக்கு அளந்தா நான் வெறுங்கூடையோட வீட்டுக்குப் போவணும்."

நான் நல்ல உயரம். அதைச் சொல்லிக்காட்டினால் எனக்குப் பொறுக்காது. இரண்டு வாசல் தள்ளி யாரோ சிரித்தது வேறு கேட்டுவிட்டது.

"எடுத்துண்டு போ உன் பூவை!"

"போறேன். இம்புட்டுக் கணக்குப் பார்க்கவங்க சொந்தமா வளர்த்து வச்சுக்கிடணும்."

"வளர்க்கறேன்டீ. என் வீட்டுக் கொடி பூக்கற வரைக்கும் கடைப்பூ என் தலையில ஏறாது. இது சத்தியம்!"

சத்தியம் செய்யச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவில்லை. அந்தச் சொல்லை நானாகச் சேர்த்தேன், அதுவும் சந்து முழுக்கக் கேட்கிற குரலில். உள்ளே வந்தபோது என் வீட்டுக்காரர் சாயா டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"கொடியா? நம்மகிட்ட ஏது கொடி?" என்று கேட்டார்.

நல்ல கேள்விதான். எங்களிடம் துணி காயப்போடுகிற கொடி மட்டும்தான் இருந்தது.

அந்தக் காலத்தில் கல்யாணமான ஒருத்தி தலையில் பூ இல்லாமல் நடமாடினால் ஊர் அதற்கு அர்த்தம் கண்டுபிடித்துவிடும். புருஷனோடு சண்டை, புருஷனுக்கு உடம்பு சரியில்லை, புருஷன் பூ வாங்கித் தராத கஞ்சன், இந்த மூன்றில் ஒன்று. எப்படிப் பார்த்தாலும் மாட்டிக்கொள்கிறவர் என் வீட்டுக்காரர். சத்தியம் செய்தவள் நான், அவமானம் அவருக்கு. இது எனக்கு மறுநாள் காலையில்தான் உறைத்தது. உறைத்ததும் சத்தியத்தை விட்டுவிட்டேனா என்றால், இல்லை. கொடியைச் சீக்கிரம் பூக்கவைத்துவிட்டால் போயிற்று என்று நினைத்தேன். அடுப்பில் வைத்த பால் மாதிரி, கொஞ்சம் நின்றால் பொங்கிவிடும் என்று எண்ணம்.

மட்டாஞ்சேரியிலேயே செறளாயிப் பக்கம் ஒரு கொங்கணி வீட்டில் பிச்சிப் பந்தல் இருந்தது. அந்த வீட்டம்மாவிடம் போய் ஒரு குச்சி கேட்டேன். கேட்டேன் என்று நான் சொல்கிறேன். "சண்டைக்கு வந்திருக்காளோன்னு நினைச்சு மூணு குச்சி குடுத்துட்டேன்" என்று அந்த அம்மா பிற்பாடு சொன்னாளாம். முற்றத்தில் ஒரு கல்லைப் பெயர்த்து மூன்றையும் நட்டேன். தோண்டினால் ஓட்டுச் சில்லும் சிப்பியும் வந்தன. மண்ணை நாக்கில் வைத்துப் பார்த்தேன், கரித்தது. உப்புத் தண்ணீர்க் காயலுக்கு அவ்வளவு பக்கத்தில் வேறு எப்படி இருக்கும்? இரண்டு குச்சிகள் அந்த வாரமே செத்தன. மூன்றாவது மட்டும் என்னைப் போலவே பிடிவாதம் பிடித்து நின்றது.

கிணற்றுத் தண்ணீரும் கரிக்கும். அதை ஊற்றினால் இலை நுனி கருகியது. அதனால் சந்துக் கோடியில் இருந்த பைப்பில் வரிசையில் நின்று, நல்ல தண்ணீர் பிடித்துவந்து கொடிக்கு ஊற்றினேன். எங்கள் குளியல் கிணற்றுத் தண்ணீரில், கொடியின் குளியல் நல்ல தண்ணீரில். ஒருநாள் சாப்பாட்டு நடுவில் என் வீட்டுக்காரர் கேட்டார்:

"குடிக்க ஒரு டம்ளர் ஜலம் கிடைக்குமா? இல்லை, இதுக்கும் கொடிகிட்ட கேக்கணுமா?"

நான் சிரிக்கவில்லை. இப்போது சிரிக்கிறேன். அவர் இப்போது இல்லை.

குச்சி துளிர்த்தது. அதற்கு உரம் வேண்டும் என்று எனக்குப் பட்டது. எங்கள் வீட்டில் மலிவாகக் கிடைக்கிற ஒரே பொருள் சுக்கு. கிடங்கில் சுக்கைப் பொறுக்கித் தரம் பிரிக்கும்போது உதிர்கிற தூசியையும் நாரையும் கூட்டிக் குப்பையில் போடுவார்கள். வேரிலிருந்து வந்தது வேருக்குப் போகட்டும் என்று பெரிய மேதை மாதிரி முடிவு செய்து, "தினம் ஒரு பொட்டலம் கொண்டு வாங்கோ" என்றேன். அவரும் கொண்டுவந்தார். நான் கொடியின் அடியில் கொட்டி மண் தெரியாமல் மூடினேன்.

கொஞ்ச நாளில் இலை மஞ்சளாகத் தொடங்கியது. நரம்பு மட்டும் பச்சை, மிச்சமெல்லாம் மஞ்சள். பசி என்று நினைத்தேன். பசிக்கிறவனுக்கு என்ன செய்வோம்? இன்னும் கொட்டினேன். இன்னும் மஞ்சளாயிற்று.

"கேட்டியா, அது சுண்ணாம்புத் தண்ணியில முக்கிக் காயவச்ச சுக்கு. வெள்ளையா இருக்கணும்னு முக்குவா. அந்தத் தூசியில பாதி சுண்ணாம்பாக்கும். ஒருவேளை அதனால..." என்று அவர் ஆரம்பித்தார்.

"கணக்கெழுதறவாளுக்குக் கொடியைப் பத்தி என்ன தெரியும்? உங்க பேரேட்டுல இலை மஞ்சளாறதுன்னு எழுதியிருக்கா? நானும் உங்க வேலையில வந்து மூக்கை நுழைக்கறேனா?" என்று பிடித்துக்கொண்டேன். தொடங்கினது கொடியில். முடிந்தது அவருடைய அக்கா என் கல்யாணத்தில் எனக்குச் சரியாகப் பரிமாறவில்லை என்பதில். அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு காற்றாடப் போய்விட்டார்.

ஒரு மழை பெய்து ஓய்ந்த பிறகு பார்த்தேன். கொடியைச் சுற்றி மண்மேல் வெள்ளையாக ஏடு கட்டியிருந்தது, வெற்றிலைக்குத் தடவுகிற அதே சுண்ணாம்பு. கையால் சுரண்டியெடுத்ததில் விரல் நுனியெல்லாம் எரிந்தது. அவர் கிடங்குக்குப் போயிருந்த நேரத்தில் அந்த மண்ணை மொத்தமும் வாரிக் கொட்டிவிட்டு, கொங்கணி வீட்டிலிருந்து புது மண் வாங்கிவந்து போட்டேன். அவர் வந்து பார்த்தார். பழைய மண் எங்கே என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சுக்குப் பொட்டலம் மட்டும் மறுநாளிலிருந்து வரவில்லை. எங்கள் வீட்டில் சமாதான ஒப்பந்தங்கள் எல்லாம் இப்படித்தான் கையெழுத்தாகும்.

அதற்குப் பிறகு கொடி வெறிபிடித்தாற்போல் வளர்ந்தது. கிணற்றுத் தூணில் ஏறி, இறவாரத்தைப் பிடித்து, முன்னறைக் கூரைமேல் படர்ந்தது. இலை, இலை, இலைதான். பூ மட்டும் இல்லை. முற்றத்துக்கு வெயில் வராது. பின்பக்கத்துக் கிடங்குச் சுவர் அவ்வளவு உயரம். தினமும் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்ப்பேன். ஒரு மொட்டு இருக்காது. பூக்காரி எங்கள் வாசலைத் தாண்டும்போது, "என்ன மாமி, பூத்தாச்சா?" என்று ராகம் போட்டுக் கேட்டுக்கொண்டு போவாள். நான் கதவைச் சாத்துவதுதான் பதில்.

நவராத்திரி வந்தது. கொலு வைத்த வீட்டில் வெற்றிலைபாக்கோடு பூவையும் நீட்டினார்கள். அது அவள் கூடைப் பூ என்று எனக்குத் தெரியும். குங்குமத்தை மட்டும் எடுத்துக்கொண்டு பூவைத் தட்டிலேயே வைத்தேன். அந்த வீட்டுப் பெரிய மாமி என்னைச் சமையலறைக்குத் தள்ளிக்கொண்டு போய், "அவன் உன்னை அடிக்கறானா?" என்று காதில் கேட்டாள். என் வீட்டுக்காரர் ஒரு கொசுவை அடித்து நான் பார்த்ததில்லை. "நான்தான் அடிக்காத குறை" என்றேன். அவள் அதை நம்பினாள்! அதிலிருந்து அவரைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு இரக்கம். தெருவில் கூப்பிட்டு நிறுத்தி, "சாப்பிட்டியாடா குழந்தே?" என்று கேட்பாள்.

கிடங்கிலும் அவரைக் கேலி செய்தார்கள். வேறு யாருக்கோ பூ வாங்கிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வெறுங்கையோடு போகிறார் என்று பேச்சு. அதை அவர் என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். ஆனால் சொன்ன அன்று சரியாகச் சாப்பிடவில்லை. இரண்டு வார்த்தையில் முடித்திருக்கலாம். பூக்காரியைக் கூப்பிட்டு, "குடுடீ ஒரு முழம்" என்றால் போதும். நாக்கு எழவில்லை. அறுபது பிறந்து அதுவும் ஓடிக்கொண்டிருந்தது. என் தலை மொட்டைப் பாறை மாதிரியே இருந்தது.

ஒரு மழைக்காலம் கழிந்ததும் புதிதாக ஒரு தொல்லை தொடங்கியது. சாயங்காலமானால் பிச்சி வாசனை வீட்டுக்குள் வந்து நிறைந்தது. பூக்காரி வரும் நேரம்தான். என்னை வெறுப்பேற்ற அவள் கூடையை என் வாசலில் இறக்கிவைத்து நிற்கிறாள் என்று நான் முடிவுகட்டினேன். ஜன்னலைச் சாத்தினேன். வாசனை ஓட்டு இடுக்கு வழியாக வந்தது. அது போதாதென்று காலையில் கோலம் போட வந்தால் வாசலில் வாடிய பிச்சிப்பூ கிடக்கும். ஒன்றிரண்டு இல்லை, கை நிறைய. விற்காத பூவை வேண்டுமென்றே என் வாசலில் கொட்டிவிட்டுப் போகிறாள்! அதைப் பெருக்கித் தள்ளும்போது நான் பேசிய பேச்சுகளை இங்கே எழுத முடியாது. எதிர்வீட்டு மாடியில் துணி உலர்த்துகிற மலையாளத்துப் பெண் ஒருத்தி, என்னைவிடச் சின்னவள், நான் பெருக்குவதை மேலிருந்து பார்ப்பாள். ஏதோ சொல்ல வாயெடுப்பாள். நான் நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தால் ஈரத்துணியால் முகத்தை மறைத்துக்கொள்வாள்.

கடைசியில் ஒருநாள் சாயங்காலம் நான் வாசலில் காத்திருந்து பிடித்தேன்.

"ஏய், நில்லு. உனக்கு வெட்கமில்லையா? அழுகின பூவை என் வாசல்ல கொட்டறது, கூடையை இங்க வச்சு வாசனை காட்டறது... இன்னொரு தடவை பண்ணினா கூடையைத் தூக்கிக் கிணத்துல போட்டுடுவேன்!"

பூக்காரி கூடையை இறக்கி மேலே போட்டிருந்த ஈரத்துணியை விலக்கினாள். உள்ளே முழுக்கக் கனகாம்பரம்.

"மோந்து பாருங்க மாமி" என்றாள்.

கனகாம்பரத்துக்கு ஏது வாசனை? ஆனால் என் மூக்கில் பிச்சி மணந்துகொண்டுதான் இருந்தது.

"இங்க வாங்க." என் கையைப் பிடித்தாள். எதிர்வீட்டுச் சுவரோடு ஒட்டி நிற்கவைத்து என் முகவாயைத் தூக்கினாள். நான் அவளைவிட எவ்வளவோ உயரம், எட்டிப் பிடித்துத்தான் தூக்கினாள். "இப்ப பாருங்க."

என் வீட்டுக் கூரை. முற்றத்துப் பக்கம் வெறும் இலையாக ஏறிய கொடி, முகட்டைத் தாண்டித் தெருப்பக்கம் இறங்கியிருந்தது. அந்தப் பக்கம்தான் காலை வெயில். இலை தெரியாமல் பூ. யாரோ பொரியை அள்ளி ஓட்டின்மேல் வீசினாற்போல இருந்தது. இறவாரத்தடியில் தலையைக் குனிந்துகொண்டு போகிறவளுக்கு அது தெரியாது. நான் சந்தில் தலையைக் குனிந்துகொண்டுதான் நடப்பேன். யார் முகத்தையும் பார்க்க வேண்டாமே என்று.

"எப்போலேருந்து?" என்று கேட்டேன்.

"மழை விட்டதுலேருந்து. நான் தினமும்தான் கேக்கேன், பூத்தாச்சா பூத்தாச்சான்னு. ஒரு நாளாவது வெளிய வந்து பார்த்தீங்களா? கதவை இல்ல சாத்துனீங்க!"

சுற்றிப் பார்த்தேன். வாசலுக்கு வாசல் முகங்கள். எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. கேலி செய்தால்கூடப் பரவாயில்லை, சண்டை போட்டிருப்பேன். யாரும் சிரிக்கவில்லை. நான் பார்த்ததும் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள்.

என் வீட்டுக்காரர் வந்ததும் கேட்டேன், "கூரைமேல பூத்திருக்கு. உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்" என்றார். செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"தெரிஞ்சுண்டா வாயை மூடிண்டு இருந்தேள்? உங்களைத்தானே ஊரெல்லாம் பேசறா?"

அவர் செருப்பை ஜோடி சேர்த்துச் சுவரோரம் வைத்தார். "சுண்ணாம்புன்னு சொன்னப்போ எங்க அக்கா வரைக்கும் போயிட்டே. பூன்னு சொன்னா எங்க போவியோன்னு பயம். நீயா பார்க்கற வரைக்கும் இருக்கட்டும்னு விட்டுட்டேன்" என்றார்.

திட்டாமல் சொன்னார். அதனால் பதிலுக்குத் திட்ட வழியில்லை. அந்த ராத்திரி நான் சமைத்தது எனக்கே இறங்கவில்லை. நாலு பேர் இருக்கிற சந்தில், என் வீட்டுக் கூரைமேல் இருப்பதை எனக்குச் சொல்ல ஒரு ஆள் இல்லை. கட்டின புருஷன் உட்பட.

மறுநாள் கிடங்கு விடுமுறை. அவர் மூங்கில் ஏணி ஒன்றைச் சுமந்துவந்து தெருப்பக்கம் சாத்தினார். "நான் ஏறிப் பறிக்கறேன்" என்றார். "சத்தியம் பண்ணினது நான்" என்று புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினேன். பிச்சியை மொட்டாகவே பறிக்க வேண்டும், அதனால் வெயில் சாய்வதற்கு முன்பே ஏறியாயிற்று. சந்தே திரண்டு நின்று பார்த்தது. ஏணியின் உச்சியிலிருந்து எட்டியதை மட்டும் பறித்திருந்தால் மரியாதையாக இறங்கியிருப்பேன். முகட்டுப் பக்கம் இன்னும் நிறைய இருந்தது. ஓட்டின்மேல் ஒரு காலை வைத்தேன். படக்கென்று ஓடு உடைந்து கால் முழங்கால்வரை உள்ளே போய்விட்டது.

அவர் வீட்டுக்குள் ஓடினார். கீழே முன்னறையிலிருந்து, என் பாதத்துக்கு மிக அருகிலிருந்து, அவர் குரல் கேட்டது.

"அடி பட்டுதா?"

"இல்லை."

"விரலை அசை பார்ப்போம்."

கூரைக்கு மேலே நான் சந்து முழுவதையும் முறைத்துக்கொண்டிருந்தேன். கூரைக்குக் கீழே என் விரல்கள் அவர் சொன்னபடி அசைந்தன. அவர் காலைப் பிடித்து மேலே தள்ள, நான் ஓட்டு விளிம்பைப் பிடித்துக் காலை இழுக்க, ஒருவழியாக வெளியே வந்தேன். மடியில் கட்டிய பூவை மட்டும் விடவில்லை.

பூத்தொடுக்க எனக்குத் தெரியாது. அதையும் அன்றுதான் கண்டுபிடித்தேன். பிறந்ததிலிருந்து தொடுத்த பூவையே வாங்கி வைத்தவள். நாரில் கட்டிப் பார்த்தேன், ஒரு பக்கம் கட்டினால் மறுபக்கம் உதிர்ந்தது. கடைசியில் ஊசியில் வெள்ளை நூலைக் கோத்து, சட்டைக்குப் பொத்தான் தைப்பதுபோல் ஒவ்வொன்றாகக் குத்தி ஒரு சரம் செய்தேன். கோணல் சரம்தான். தலையில் வைத்துக்கொண்டு கண்ணாடி பார்த்தேன். எனக்குத் திருப்திதான்.

தேவையே இல்லாமல் ஒரு குடத்தை எடுத்துக்கொண்டு பைப்புக்குப் போனேன். தலையை நிமிர்த்தித்தான் நடந்தேன், பார்க்கட்டும் என்று. பார்த்தார்கள். பெரிய மாமி பார்த்தாள். பூக்காரி கூடையோடு எதிரே வந்து பார்த்தாள். எல்லோர் முகத்திலும் ஏதோ இருந்தது. என் வெற்றிதான் என்று எடுத்துக்கொண்டேன். குடத்தோடு திரும்பினேன்.

பாதி வழியில் பின்னால் யாரோ ஓடிவருகிற சத்தம். எதிர்வீட்டு மலையாளத்துப் பெண். மூச்சு வாங்கியது. நாலடி தள்ளியே நின்றாள்.

"சேச்சி... ஒரு காரியம் பறஞ்சா தேஷ்யப்படுமோ?"

சொல்வதற்கு முன்பே எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவள் முகத்தைப் பார்த்தேன். ஓடத் தயாராக நின்றிருந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு, "சொல்லு" என்றேன்.

"புடவை கிழிஞ்சிருக்கு. பின்னால. நல்லா கிழிஞ்சிருக்கு."

"எங்கேருந்து?"

அவள் தன் இடுப்புக்குக் கீழே கையை வைத்துக் காட்டினாள். பிறகு அந்தக் கையைக் கணுக்கால்வரை இறக்கிக் காட்டினாள்.

ஓடு கிழித்திருக்கிறது. அந்தக் கோலத்தில் பைப்புவரை போய், வரிசையில் நின்று, நிமிர்ந்த தலையோடு திரும்பி வந்திருக்கிறேன். காது சூடேறியது. வாயில் என்னென்னவோ வந்து முட்டியது. விழுங்கினேன். அவ்வளவையும் ஒரே சமயத்தில் விழுங்கியது அதுதான் முதல் தடவை.

"சொன்னியே, நல்லது" என்றேன். அதுவே திட்டுகிற மாதிரிதான் வெளியே வந்தது. அவள் ஒரு அடி பின்னால் போனாள். கொஞ்சம் யோசித்தாள். பிறகு என் பின்னால் வந்து நின்று, கிழிசலின் இரண்டு ஓரத்தையும் சேர்த்துக் கையில் பிடித்துக்கொண்டாள். அப்படியே இருவரும் நடந்தோம். நான் முன்னால் குடத்தோடு, அவள் பின்னால் என் புடவையோடு. என் எட்டுக்கு அவள் எட்டு போதாமல் குதித்துக் குதித்து வந்தாள். நான் மெதுவாக நடந்தேன்.

வாசலில் குடத்தை இறக்கினேன்.

"வேற ஏதாவது இருக்கா, எனக்குத் தெரியாம?" என்று கேட்டேன்.

அவள் புடவையை விடாமலே, "உண்டு சேச்சி" என்றாள். "குறச்சு உண்டு. கொஞ்சம்தான்."

"உள்ள வா" என்றேன். "உட்கார்ந்து சொல்லு."